தீவு வானொலியில் தட்டு சுழற்றும் வேலை

1944இல் தென் பசிபிக்கில் அமெரிக்கப் படைகளுக்காக ஒலித்த வானொலி நிலையங்களுக்கு 'மஸ்கிட்டோ நெட்வொர்க்' (கொசு வலையமைப்பு) என்று பெயர். குவாடல்கனல் போன்ற மலேரியாத் தீவுகளில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்! நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி, 1942இல் தொடங்கிய ஆயுதப்படை வானொலிச் சேவை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து அனுப்பிய ஒலித்தட்டுகள்தான். 16 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம். அரைமணி நிகழ்ச்சியின் பின்பாதி வேறொரு தட்டில் இருந்தால் நிம்மதி. அதே தட்டின் மறுபக்கத்தில் இருந்தால், திருப்பிப் போடும்வரை ஏதாவது பேசி ஒப்பேற்ற வேண்டியதுதான்.

தட்டைவிடத் தொல்லை தருவது மின்சாரம். தீவில் எல்லாம் ஜெனரேட்டர். தட்டைச் சுழற்றும் சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பது மின்சாரத்தின் அலைவெண். லோடு ஏறி 60 ஹெர்ட்ஸ் 57க்கு இறங்கினால் பாட்டின் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை தாழும். 15 நிமிடப் பக்கம் 47 விநாடி கூடுதலாக ஓடும். ஸ்ட்ரோப் அட்டையை (விளக்கொளியில் இதன் கோடுகள் அசையாமல் தெரிந்தால் வேகம் சரி என்று பொருள்) வைத்துப் பார்த்தாலோ 216 கோடுகளும் அசையாமல் நிற்கும். மேலே எரியும் விளக்குக்கும் அதே ஜெனரேட்டர்தானே மின்சாரம் தருகிறது! சுவரிலுள்ள மின்கடிகாரமும் இதே பொய்யைத்தான் சொல்லும். சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தை மட்டும் நம்பலாம். தட்டைத் தாங்கிச் சுழலும் டர்ன்டேபிளின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு எண்ணினால், 100 சுற்றுக்குச் சரியாக 3 நிமிடம் ஆக வேண்டும். கூடினால் ஜெனரேட்டர்காரரைக் கூப்பிட்டு எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருகச் சொல்ல வேண்டும்.

தட்டைத் தொடங்குவதிலும் ஒரு கைப்பக்குவம் உண்டு. முதல் ஒலி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்று பின்னே தள்ளி வைக்க வேண்டும். அடியில் ஃபெல்ட் துணி இருப்பதால் டர்ன்டேபிள் சுழன்றாலும் தட்டை விரலால் பிடித்து நிறுத்த முடியும். நேரம் வந்ததும் விட்டால் போதும். இதையே பலமுறை ஒத்திகை பார்த்தால் ஊசி ஓடும் வினைல் பள்ளம் தேய்ந்து, தொடக்கத்திலேயே 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் நிரந்தரமாகிவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுக்கான கனத்த பிக்கப்பை (ஊசி பொருத்திய தலைப்பகுதி) இதில் வைத்தால் அந்தத் தட்டு பாழ்தான்.

அமெரிக்க நிகழ்ச்சிகளிலிருந்து விளம்பரங்களை வெட்டித்தான் அனுப்புவார்கள். அந்த இடைவெளியை வெறும் இசையால் அடைப்பது சோம்பேறித்தனம் என்பேன். நிலையத்தின் சொந்தக் குரல் ஒலிக்கக் கிடைத்த இடம் அது. மலேரியாவுக்கான அட்டாப்ரின் மாத்திரையைச் சிப்பாய்கள் விழுங்காமல் ஏய்ப்பார்கள். தோல் மஞ்சளாகும், கசப்பு வேறு. மேலதிகாரியின் சுற்றறிக்கையைவிடப் பாட்டுக்கு நடுவே வரும் ஒரு கேலி வரி நன்றாக எடுபடும்.

செய்தியைத் தட்டில் அனுப்ப முடியாது, வந்து சேர்வதற்குள் பழசாகிவிடும். சிற்றலையில் கேட்டுத் தட்டச்சு செய்து வாசிப்பதே வழி. ஒலி மங்கும்போது ஓர் எண்ணோ ஊர்ப்பெயரோ நழுவிவிட்டால் ஊகித்து நிரப்பக் கூடாது. அந்தச் செய்தியையே விட்டுவிட்டு, அடுத்த அறிக்கையில் திரும்ப வருகிறதா என்று காத்திருக்க வேண்டும்.