ஜீவனாம்ச உத்தரவு கையில் இருக்கிறது, பணம் வரவில்லையா?

என் மகளுக்கு அவள் அப்பா மாதம் 6,000 ரூபாய் தர வேண்டும் என்று குடும்பநல நீதிமன்றம் உத்தரவிட்டது. கொஞ்ச நாள் வந்தது, பிறகு நின்றுவிட்டது. கேட்டால், "வேலை போயிடுச்சு." உத்தரவு போட்ட கோர்ட்டே வசூலித்தும் கொடுத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. பாக்கி விழுந்தால் நாம்தான் மனுப் போட வேண்டும்.

அதற்குக் கெடு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125(3)-இன்படி, ஒரு மாதத் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் அதை வசூலிக்க வாரண்ட் கிடைக்கும். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் இது 144-ஆம் பிரிவு. "அவரே கொடுத்திடுவார், பொறுத்துப் போம்மா" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பொறுக்கப் பொறுக்கப் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லாமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். எனக்குக் கிடைத்த வக்கீல் அம்மா முதலில் கேட்டது பாஸ்புக்கைத்தான். மாதம், வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று கோடு போட்டு, ஒவ்வொரு வரியையும் பாஸ்புக் பதிவோடு ஒப்பிட்டு எழுத வைத்தார். "கையில் கொடுத்தேன்" என்று எதிர்த்தரப்பு வாதாடியபோது நீதிபதி அந்தத் தாளைத்தான் பார்த்தார். எதிர்த்தரப்பிடம் ஒரு ரசீதும் இல்லை.

வீட்டு விலாசத்துக்குப் போன சம்மன் "கதவு பூட்டியிருந்தது" என்ற குறிப்போடு திரும்பியது. அப்போது கைகொடுத்தது அவர் முன்பு தாக்கல் செய்த சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்புக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். அதில் இருந்த கம்பெனி விலாசத்துக்கு அனுப்பிய சம்மனை அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். வேலை போன கதை அங்கேயே முடிந்தது.

"ஒரு மாசம் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா கணக்கு தீர்ந்திடும்" என்று அவர் தரப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீராது. சிறை என்பது பணத்தைக் கட்ட வைக்கும் வழிதான், உள்ளே போய் வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும் என்று 1989-இலேயே குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் வழக்கில் சம்பளப் பிடித்தம் கேட்டோம், கிடைத்தது. சாதாரணக் கடனைவிட ஜீவனாம்சத்துக்குச் சட்டம் அதிகம் இடம் கொடுக்கிறது: சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம்.

இப்போது மாதத் தொகை கம்பெனியிலிருந்தே வருகிறது. பாக்கி தவணையில் வருகிறது, இன்னும் முடியவில்லை. மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பழைய 6,000 போதாது. தொகையை உயர்த்தக் கேட்டு அடுத்த மனு தயாராகிறது.