கழற்ற முடியாத கேமரா

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமைச் சூடுபண்ணி வளைப்பது அன்றாட வேலை. ஒருவருக்கு ஒரு காது கொஞ்சம் மேலே இருக்கும், இன்னொருவருக்கு மூக்கு ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். சைடை ஹீட்டரில் காட்டி, பிளாஸ்டிக் இளகியதும் காதுக்குப் பின்னால் இறங்கும் இடத்தை விரலால் அமுக்கிவிட்டால் கண்ணாடி அந்த முகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுக்கேறிய ஃப்ரேமைத் தண்ணீர்த் தொட்டி மெஷினில் போட்டு, அதிர வைத்துச் சுத்தம் செய்வோம். படமெடுக்கவும், கேட்டதற்குக் காதில் பதில் சொல்லவும் செய்கிற ஸ்மார்ட் கண்ணாடிக்கு இந்த இரண்டுமே ஆகாது. இரண்டு சைடிலும் பேட்டரி, ஸ்பீக்கர், சர்க்யூட் என்று அடைத்து வைத்திருக்கிறார்கள். சூடு காட்டினால் போச்சு, தண்ணீரில் முக்கினாலும் போச்சு. முகத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்ய எங்களுக்கு இருக்கும் வழி மிகக் குறைவு.

எங்கள் கடை கொழிஞ்சாம்பாறையில். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம். கேரளம்தான் என்றாலும் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். தென்னந்தோப்புக்காரர்கள், கள் இறக்குகிறவர்கள், கடலைக்காட்டுக்கும் செங்கல் சூளைக்கும் கூலிக்குப் போகிறவர்கள். கூடவே சித்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் மலையாளிகள். வளைகுடாவில் யாராவது ஒருவர் வேலை பார்க்கும் வீடுகளும் நிறைய உண்டு. அப்படி ஒரு வீட்டுப் பையன்தான் முதலில் இந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தான். லீவில் வந்த அண்ணன் கொடுத்ததாம். “இதுக்கு என்னோட பவர் போட்டுத் தருவீங்களா?” என்று கேட்டான்.

வாங்கிப் பார்த்தபோது உண்மையிலேயே பிரமித்துப் போனேன். கேமரா வைத்த கண்ணாடி ஒன்றும் புதிதல்ல. கூகுள் 2013-இல் தன்னுடைய கண்ணாடியை 1,500 டாலருக்கு விற்றபோது அதைப் போட்டவரைத் தெருக்கோடியிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். நெற்றி ஓரத்தில் ஒரு துண்டு துருத்திக்கொண்டிருக்கும். சியாட்டில் நகரத்தில் ஒரு மதுக்கடை, ‘அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வராதே’ என்று அந்த வருடமே தடை போட்டது. 2015 தொடக்கத்தில் பொதுமக்களுக்கு விற்பதை கூகுள் நிறுத்திவிட்டது. இப்போது வருவது அப்படி இல்லை. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் மூக்குக்கண்ணாடி நிறுவனமான எஸ்ஸிலார்லக்ஸாட்டிகாவும் சேர்ந்து செய்யும் ரேபேன் மெட்டா, 2025 மே மாதம் இந்தியாவில் 29,900 ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்தது. பார்த்தால் சாதாரண கறுப்பு ஃப்ரேம். எடை கிட்டத்தட்ட 50 கிராம்தான். முன்பக்கம் ஒரு மூலையில் கேமரா, மறு மூலையில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு. ரோட்டில் எதிரே வருகிறவர் கண்ணில் இரண்டுமே படாது. எஸ்ஸிலார் லென்ஸை நாங்கள் வருடக்கணக்காக விற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த நிறுவனத்தார் முகத்தையும் மூக்கையும் அறிந்தவர்கள் என்பது கீலைத் திறந்து மூடும்போதே தெரிந்தது.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் நான் லாட்டரி அண்ணனைத்தான் சொல்வேன்.

தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியை நிறுத்திவிட்டார்கள். கேரளத்தில் 1967-இல் அரசே தொடங்கிய லாட்டரி இன்றும் நடக்கிறது. அதனால் எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் எப்போதும் உண்டு. கண் தெரியாதவர்கள் பலருக்குக் கேரளம் முழுக்க இதுதான் பிழைப்பு. இந்த அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் சீட்டுப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வரும் நோய். முதலில் இருட்டில் தெரியாமல் போகும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை போகும், கடைசியில் நடுவில் மட்டும் ஒரு துளி மிஞ்சும். கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் காட்டியாயிற்று. வருடத்துக்கு ஒருமுறை என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்காருவார். ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் பார்ப்பேன். எந்தப் பவரும் அவருக்கு உதவாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் வருவார், நானும் பார்ப்பேன்.

அவருடைய பெரிய தொல்லை ரூபாய் நோட்டு. புது நோட்டுகளில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். நீளத்தில் ஒன்றுக்கொன்று 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அவசரத்தில் மடித்துக் கொடுத்தால் விரலுக்கு எப்படிப் பிடிபடும்? ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த மணி என்ற செயலி நோட்டை போன் கேமராவில் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும். ஆனால் ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் காசு. போனை எந்தக் கையில் பிடிப்பது? அவர் போனை வெளியே எடுப்பதற்குள் இரண்டு சீட்டை உருவிக்கொண்டு நடந்தவர்களும் இருக்கிறார்கள்.

பையன் கொண்டுவந்த கண்ணாடியை அவன் சம்மதத்தோடு அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். பலகையைப் பார்த்தபடி நின்றார். பையன் கேட்ட கேள்விக்குச் சீட்டில் இருந்த எண்களைக் கண்ணாடி ஒவ்வொன்றாக அவர் காதில் சொல்லியது. ஆங்கிலத்தில்தான். எண்ணுக்கு அந்த அளவு ஆங்கிலம் அவருக்குப் போதும். இரண்டு கையும் சும்மா இருந்தன. “தம்பி, இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க” என்றார். தப்பாகவும் சொல்லியது, எட்டை மூன்று என்றது. ஆனால் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கண் தெரியாதவர்களுக்கென்றே செய்தவையும் இருக்கின்றன. பெங்களூரைச் சேர்ந்த எஸ்.எச்.ஜி டெக்னாலஜீஸ் விஷன் எய்டு அமைப்போடு சேர்ந்து செய்த கண்ணாடி, எழுத்தை வாசித்துக் காட்டும், எதிரே தடை இருந்தால் எச்சரிக்கும், தெரிந்த முகத்தையும் சொல்லும். டென்மார்க்கில் ஹான்ஸ் யோர்கன் வீபெர்க் என்ற பார்வைக் குறைபாடு உள்ளவர் தொடங்கிய பி மை ஐஸ் செயலி 2015-இலிருந்து இருக்கிறது. யாரோ ஒரு தன்னார்வலர் வீடியோவில் பார்த்து வழி சொல்வார். 2024-இல் அதை ரேபேன் மெட்டாவோடு இணைத்தார்கள். லென்ஸால் நான் செய்ய முடியாததை இவை செய்கின்றன. என் தொழில் முடிகிற இடத்தில் இவை தொடங்குகின்றன என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சந்தோஷத்தோடு நின்றுவிட முடியாமல் செய்தது இன்னொரு ஆள்.

எழுத்து தெரியாதவர்களுக்குக் கண் பார்க்க எங்களிடம் தனிச் சார்ட் உண்டு. ஆங்கில ‘ஈ’ எழுத்து மட்டும், பெரிதிலிருந்து சிறிதாக. மூன்று கால்களும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். இதில் உட்காரும்போது வயதான பெண்கள் கூசிப்போவார்கள். ‘எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே’ என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். பெஞ்சில் வேறு யாராவது இருந்தால் அதையும் சொல்ல மாட்டார்கள். நான் கடலைக்காட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மாவுக்கு அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே என்பதற்குக் கீழே கை போகும், உடனே அவரே திருத்திக்கொண்டு சிரிப்பார். கண்ணாடி போட்டுக்கொண்ட ஓர் இளைஞர் பெஞ்சில் காத்திருந்தார். கையில் போன் இல்லை. எங்களைப் பார்த்தபடி இருந்தார், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா வந்தார். கண்ணாடியில் குறை என்று நினைத்தேன். பேரன் போனில் காட்டினானாம். அவர் கையை அசைத்ததும் சிரித்ததும் பாட்டு வைத்து ரீலாக ஓடிக்கொண்டிருந்தது. “கண்ணு பாக்கத்தானுங்க வந்தேன், சாமி” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அந்த இளைஞரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். உடனே அந்த ரீலை நீக்கிவிட்டார். “நம்ம பாட்டி மாதிரி இருந்தாங்க, பாசமாத்தான் போட்டேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் பாசத்துக்கும் அனுமதி வேண்டும். போனைத் தூக்கிப் பிடித்திருந்தால் அந்த அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்திருப்பார், நானும் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். கண்ணாடி அவருக்கு அந்த ஒரு நொடியைக்கூடக் கொடுக்கவில்லை.

விளக்கு எரியுமே என்பார்கள். எரியும். அதை மறைத்தால் படம் எடுக்காதபடியும் செய்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் எங்கள் பாலக்காட்டுக் கணவாய் வெயிலில், கடை வாசலில் நிற்க வைத்துப் பார்த்தேன். நான்கு எட்டு தள்ளி நின்றால் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த விளக்கை எரியாமல் செய்து தரக் காசு வாங்குகிற ஆள் அமெரிக்காவில் இருப்பதாக 2025-இல் செய்தி வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஹார்வர்டு மாணவர்கள் இருவர் இதே வகைக் கண்ணாடியில் எடுத்த படத்தை முகம் தேடும் இணையதளத்தோடு இணைத்து, வழியில் போகிறவரின் பேரையும் முகவரியையும் எடுத்துக் காட்டினார்கள். எச்சரிக்கத்தான் செய்தோம் என்று சொன்னார்கள், அந்த மென்பொருளை வெளியிடவும் இல்லை. செய்ய முடியும் என்பது தெரிந்துவிட்டதே.

சட்டமும் இந்த அம்மாவுக்கு உதவாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் சொன்னது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்வதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, பெண்ணை அந்தரங்கமான நிலையில் படமெடுப்பதைத்தான் குற்றமாக்குகிறது. கடை நாற்காலியில் ‘ஈ’ காட்டிக்கொண்டு சிரிப்பது இதில் எங்கே வரும்?

சரி, கடைக்குள் இந்தக் கண்ணாடி கூடாது என்று போர்டு வைத்துவிடலாமே என்றார் பக்கத்து மருந்துக்கடைச் சேட்டன். இங்கேதான் கண்ணாடிக்காரனுக்கு மட்டும் தெரிகிற சிக்கல் வருகிறது. போன் என்றால் பாக்கெட்டில் வையுங்கள் எனலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மைனஸ் நான்கு பவர் உள்ளவரிடம் ‘கழற்றுங்கள்’ என்றால்? ஒரு முழத்துக்கு அப்பால் அவருக்கு எல்லாம் மங்கல். படியில் தடுக்கி விழுவார். அவருக்கு அதுதான் கண். லாட்டரி அண்ணனிடம் கழற்றச் சொல்வது இன்னும் கொடுமை. கேமராவைப் பார்வையோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். ஒன்றை மறுத்தால் மற்றதையும் பிடுங்கியதாகிறது. அந்த லென்ஸைப் பொருத்தித் தருவது நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு என்ன வந்தது என்று இருக்க என்னால் முடியவில்லை.

இப்போது கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஸ்மார்ட் கண்ணாடிக்குப் பவர் போட வருகிறவருக்கு அதே பவரில் சாதாரணக் கண்ணாடி ஒன்றும் சேர்த்தே செய்து தருகிறேன். மலிவான ஃப்ரேம்தான், லென்ஸுக்கு அசல் விலை மட்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, இழவு வீடு, ஆற்றங்கரை என்று போகும்போது இதைப் போடுங்கள் என்பேன். சிலர் ஏன் என்று கேட்பார்கள், சொல்வேன். ஒருவர் முகம் சுளித்து, “நான் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க” என்றார். நீங்கள் எப்படிப்பட்டவர் என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாதே, அவர் உங்களை விசாரித்துவிட்டா எதிரே வருகிறார் என்று சொன்னேன். யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார். நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருந்தால் இப்போது நடுவில் திரையை இழுத்துவிடுகிறேன். திரைக்கு இந்தப் பக்கம் யார் என்ன போட்டிருந்தாலும் கவலையில்லை.

செய்கிற நிறுவனங்கள் மனது வைத்தால் இன்னும் சுலபம். லென்ஸுக்கு வெளியே கேமராவை மூட ஒரு சின்னத் தள்ளு மூடி, எதிரே இருப்பவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற நிறத்தில். மடிக்கணினியில் எத்தனையோ பேர் அப்படி ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஃப்ரேமின் அழகு கொஞ்சம் கெடும். கெடட்டும்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மாவை அவருக்கும் தெரியும், சீட்டு வாங்குகிறவர்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருக்கு ஒரு கண்ணாடி கிடைக்குமா என்று கோயம்புத்தூரில் ஓர் அறக்கட்டளையிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. “வந்துச்சுன்னா, பலகைக்கு மேல எழுதி ஒட்டிருங்க தம்பி” என்றார். “என் கண்ணாடியில கேமரா இருக்குதுன்னு. தமிழ்லயும் எழுதுங்க, மலையாளத்துலயும் எழுதுங்க. வேண்டாங்கிறவங்க சொன்னா நான் திரும்பி நின்னு சீட்டு குடுக்கறேன்.”