சாட்சிப் படி

மத்திய நிதியைப் பகிர்ந்தளிக்கப் பரிந்துரைக்கும் 11வது நிதிக்குழு சொன்னபடி நாடு முழுக்க 1,734 விரைவு நீதிமன்றங்களுக்கு 502.90 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்த மானியத்தில் வந்த ஒரு நீதிமன்றத்தில் நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன்.

முதல் வாரமே வழக்குக் கட்டுகள் வேனில் வந்து இறங்கின. இரண்டு வருடத்துக்கு மேல் தேங்கிய செஷன்ஸ் வழக்குகளும் (கொலை போன்ற கடுங்குற்ற வழக்குகள்), விசாரணைக் கைதிகளின் வழக்குகளும்தான் முதலில். சில கட்டுகளில் நூல் இற்றுப்போய், எடுக்கும்போதே தாள்கள் சரிந்தன.

நீதிபதி சரியாகப் பத்தரைக்கு உட்கார்ந்துவிடுவார். டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாட்சி வந்திருக்க மாட்டார். சம்மன் கையில் போய்ச் சேரவில்லை, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மாறுதலில் போய்விட்டார், உள்ளுறுப்பு ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அப்புறம் என்ன, வாய்தாதான். நாற்காலிக்கும் சம்பளத்துக்கும் பணம் வந்தது. சம்மன் கொண்டுபோகும் காவலருக்கும் ரிப்போர்ட் தரும் ஆய்வகத்துக்கும் அதே கணக்கில் ஆள் கூடவில்லை.

ஒரு கொலை வழக்கில் கண்ணால் பார்த்த சாட்சி, கரும்பு வெட்டப் போகும் ஒரு அம்மா. "மூணாவது தடவை வர்றேன் சாமி. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகுது, பஸ்ஸுக்கும் கடன் வாங்கிட்டுதான் வர்றேன்" என்றார். சாட்சிக்கு அரசு செலவுத்தொகை கொடுக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 312வது பிரிவிலேயே இருந்தது. ஆனால் அன்று அந்தச் சாட்சிப் படிக்கான கணக்கில் பணம் இல்லை. அரசு வக்கீல் தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார். கூண்டில் ஏறி, இருபது நிமிடத்தில் பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டு இறங்கினார் அந்த அம்மா. அந்த இருபது நிமிடத்துக்காக ஒரு வழக்கு எத்தனை மாதம் நின்றிருந்தது!

ஐந்து வருடத் திட்டத்தை மத்திய அரசு 2011 மார்ச் வரை நீட்டித்தது. அதன் பிறகு செலவு மாநிலங்களின் தலையில் விழுந்தது. 2019இல் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்), பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்காக, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் சிறப்பு விரைவு நீதிமன்றங்கள் வந்தன. பெரும்பாலான மாநிலங்களில் செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். ஒரு நீதிமன்றம் வருடத்துக்கு 165 வழக்குகளை முடிக்க வேண்டும் என்பது இலக்கு. நல்ல திட்டம்தான். ஆனால் டிஎன்ஏ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் வழக்கை எந்த நீதிபதியால் முடிக்க முடியும்? ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம் சொல்வதால் ஆய்வகங்களின் சுமை இன்னும் கூடும். அடுத்த மானியத்தில் முதல் பங்கு அங்கேதான் போக வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் இப்போது அப்படி ஒரு நீதிமன்றத்தில் இருக்கிறார். போன வாரம் பார்த்தபோது நான் முதலில் கேட்டது இதைத்தான்: "சாட்சிப் படி ஒழுங்கா வருதா?"

"இந்த மாசம் வந்திருக்கு சார்" என்றார்.