செம்பனை ஓட்டுக் கரி ஒருவழியாகத் தாமிரத்தைப் பிடித்தது

மலேசியாவின் சிலாங்கூரில், இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தாய் எண்ணெய் ஆலையில் வாங்கிய செம்பனைக் கொட்டை ஓடு. பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறப்போட்டு, மண்சட்டியில் மூடி, களிமண் பூசிச் சுட்ட கரி இந்த முறை மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலிலிருந்து தாமிரத்தை ஜோராக உறிஞ்சி எடுத்தது. லிட்டருக்கு 0.39 கிராம் துத்தம், அதாவது 100 மில்லிகிராம் தாமிரம். தாமிரம் மிச்சமிருந்தால், வடிகட்டிய நீரில் அம்மோனியா விட்டதும் நன்றாகத் தெரியும் நீலம் வர வேண்டும். வெள்ளைத் தாளை அடியில் வைத்து உற்றுப் பார்த்தால்தான் ஒரு சாயல் தெரிந்தது!

சுடுவது பெரிய வித்தையில்லை. கழுவுவதில்தான் உயிர் போகிறது. கொதிநீர் ஊற்றி அலசினால் பிஎச் தாள் (அமிலத்தன்மையைக் காட்டும் தாள்; 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 6 காட்டும். அதே கரியைப் புதிய பேட்டரி தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர்) ராத்திரி ஊறவைத்துக் காலையில் பார்த்தால் மறுபடி 4. 2 நானோமீட்டருக்கும் குறைவான நுண்துளைகளில் புகுந்த அமிலம் ஆற அமரத்தான் வெளியே வரும். அது இருக்கும்வரை ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு தாமிரத்தை அண்டவிடாது. ஊறிய பிறகும் பிஎச் 5-க்குக் கீழே போகாமல் நிற்கும்வரை கழுவத்தான் வேண்டும்.

ஆப்பச்சோடா போட்டுச் சமன் செய்யலாமே என்பார்கள். கூடவே கூடாது. பிஎச் ஏறினால் தாமிரம் தானாகவே பச்சையும் நீலமுமாக அடியில் படிந்துவிடும். நாம் கரிதான் பிடித்தது என்று துள்ளுவோம். அதனால் கரி போட்ட பிறகும் பிஎச் பார்க்கிறேன். 6-ஐத் தாண்டினால் அந்தச் சோதனை செல்லாது. 99 விழுக்காடு நீக்கிவிட்டேன் என்று மார்தட்டும் பலர் பிஎச் பற்றி வாயே திறப்பதில்லை.

பாஸ்பாரிக் அமிலம் ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாச் செடி வளர்ப்பு) கடையில் விற்கும் 'பிஎச் டவுன்'தான். சிலவற்றில் சிட்ரிக் அமிலம் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஓடுதான் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஜப்பான் மின்நிலையங்கள் எரிபொருளுக்குக் கப்பல் கப்பலாக வாங்கும்போது, ஒரு சாக்கு கேட்டு நிற்கும் நம்மை யார் சட்டை செய்வார்கள்?

கரியைக் குழாயில் அடைத்து நீரை ஓடவிடும் வேலை இன்னும் பாக்கி. அதற்குள் மனசு பழைய ஈயக்குட்டைத் (கைவிட்ட வெள்ளீயச் சுரங்கக் குட்டை) தண்ணீரில் காரீயம் இருந்தால் அதைப் பிடிக்குமா என்று தாவிவிட்டது. குடிநீரில் காரீயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு; சோதனைத் தாளை நம்பி அதில் இறங்க முடியாது, ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கட்டணத்தைக் கேட்டதும் அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போதைக்குக் குழாயின் அடியில் கட்ட, கரித்தூள் கசியாத நைலான் வலை வேண்டும். சில்லறையாக விற்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.