இறக்கிய போலோவுக்கு எந்த ஆஃப்செட், எவ்வளவு ஸ்பேசர்?

வண்டியின் உயரத்தை இறக்கிவிட்டேன், இப்போது வீல் ரொம்ப உள்ளே போன மாதிரி இருக்கிறது, என்ன ஆஃப்செட்டில் அலாய் வாங்கினால் ஃபெண்டரோடு (வீலுக்கு மேலே வளையும் தகரம்) ஃபிளஷ்ஷாக, அதாவது சமமாக வரும், எத்தனை மி.மீ. ஸ்பேசர் (வீலுக்குப் பின்னால் வைக்கிற வளையத் தகடு) போடலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிக்கு மேல் ஃபோக்ஸ்வேகன் போலோ வைத்திருப்பவர்கள். புனே பக்கத்துச் சாகனில் தயாரிப்பு 2022இல் நின்றுபோனாலும் கோயம்புத்தூர் பக்கம் அந்த வண்டிமேல் உள்ள பிரியம் குறையவே இல்லை, எனக்கும்தான். அதனால் போலோவை வைத்தே எழுதுகிறேன். முறை எந்த வண்டிக்கும் ஒன்றுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் வண்டியின் நம்பரை வாங்கி உங்கள் வண்டிக்குப் போடாதீர்கள். அவர் எவ்வளவு இறக்கியிருக்கிறார், என்ன டயர், கேம்பர் (வீலின் சாய்வு) எவ்வளவு, பின்சீட்டில் யாரையாவது ஏற்றுகிறாரா என்பதெல்லாம் போட்டோவில் தெரியாது. உங்கள் வண்டியை இறக்கி, ஸ்பிரிங் செட்டாகி, அலைன்மென்ட் பார்த்த பிறகு, நீங்களே அளந்து எடுக்கிற நம்பர்தான் சரியான நம்பர்.

ஆஃப்செட் என்றால் என்ன என்பதில் நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கிறது. வீலின் அகலத்துக்குச் சரியாக நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹப்போடு, அதாவது வீலை மாட்டுகிற அச்சுத் தலையோடு, ஒட்டும் வீலின் முகம் அந்தக் கோட்டிலிருந்து தெருப்பக்கமாக எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறதோ அதுதான் ஈ.டி. எண். எண் பெரிதாக இருந்தால் வீல் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும். ஈ.டி. 40 வீலுக்குப் பின்னால் 5 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் அது ஈ.டி. 35 வீல் மாதிரி உட்காரும், அவ்வளவுதான் கணக்கு. எண் பெரும்பாலும் வீலின் பின்பக்கத்திலேயே வார்ப்பில் இருக்கும், கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஆஃப்செட்டை மட்டும் பார்த்து அகலத்தை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கம்பெனி வீல் 15 இன்ச், 6 ஜே (ரிம் அகலம் 6 இன்ச்), ஈ.டி. 40 என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துவிட்டு 16 இன்ச், 7 ஜே, அதே ஈ.டி. 40 போட்டால் "ஆஃப்செட் ஒன்றுதானே, மாற்றமில்லை" என்று தோன்றும். ஆனால் அகலம் ஒரு இன்ச் கூடியிருக்கிறது, அதில் பாதி வெளியே, பாதி உள்ளே. ஆக வெளிவிளிம்பு 12.7 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு அதே 12.7 மி.மீ. ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நோக்கிப் போகும். அதுவே 7 ஜே, ஈ.டி. 35 என்றால் வெளியே 17.7, உள்ளே 7.7. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஃபெண்டர் பக்கம் அழகாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிட்டு, உள்ளே டயரின் பக்கச்சுவர் ஸ்ட்ரட்டைத் தின்றுகொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்?

சரி, அளப்பது எப்படி? ஒரு நூல், அதன் நுனியில் ஒரு நட், ஒரு ஸ்டீல் ஸ்கேல், இவ்வளவு போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சில அடி முன்னும் பின்னும் உருட்டிவிடுங்கள். ஜாக்கியில் தூக்கி இறக்கின கையோடு அளந்தால் டயர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷன் முழுசாக இறங்கியிருக்காது, அந்த அளவு பொய். வீல் நடுவுக்கு நேர் மேலே ஃபெண்டர் விளிம்பில் நூலை டேப்பால் ஒட்டித் தொங்கவிட்டு, நட் ஆடாமல் நின்றதும், நூலுக்கும் ரிம்மின் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தை எடுங்கள். டயர் ரிம்மைவிடப் பிதுங்கி நிற்கும், அதனால் நூலிலிருந்து டயருக்கு உள்ள தூரத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வீலுக்கும் எடுக்க வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் வருவது சகஜம், குறைவான இடைவெளி உள்ள பக்கத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழைய 6 ஜே, ஈ.டி. 40 வீலில் ரிம்முக்கு 22 மி.மீ. இடைவெளி என்று வந்தால், 7 ஜே, ஈ.டி. 40க்கு 9.3 மிச்சம். ஈ.டி. 35க்கு 4.3 மிச்சம். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு நான் இந்த இரண்டாவதோடு நிறுத்திக்கொள்வேன். அந்த நாலு மி.மீ.யையும் ஸ்பேசர் போட்டு மூடினால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் நாலு பேர் ஏறி ஒரு வேகத்தடையில் இறங்கும்போது அந்த இடைவெளிதான் ஃபெண்டரைக் காப்பாற்றுகிறது.

டயரும் இதில் சேர்த்தி. 185/60 ஆர்15இன் மொத்த விட்டம் சுமார் 603 மி.மீ., 195/50 ஆர்16 சுமார் 601, ஏறக்குறைய அதே அளவு. 195/55 ஆர்16 போட்டால் 621 ஆகிவிடும், அதாவது மேலே 9 மி.மீ. கூடுதலாகத் தின்னும். இறக்காத வண்டிக்கு அது நல்ல டயர்தான், நம் ரோட்டுக்கு நான் அதையே சொல்வேன். இறக்கின வண்டிக்கு 195/50 தான் சரி. ரிம் அகலமாக இருக்கட்டும், டயர் ஒல்லியாக இருக்கட்டும் என்று இழுத்து மாட்டுவது எனக்குப் பிடிக்காது. ரோட்டில் குழி வந்தால் முதல் அடி ரிம்முக்குத்தான்.

முன்பக்கமும் பின்பக்கமும் இறக்கும்போது ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. போலோவின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். கொஞ்சம் இறக்கினால் வீலின் தலை உள்பக்கம் சாயும், நெகட்டிவ் கேம்பர் கூடும், அதனாலேயே மேலே சில மி.மீ. இடம் கிடைக்கும். ரொம்ப இறக்கி கீழ்க்கை படுக்கை மட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிப் போய்விட்டால் அந்தச் சாய்வு கூடுவது நின்று, திரும்பிவர ஆரம்பிக்கும். பின்பக்கமோ ட்விஸ்ட் பீம், இரண்டு வீலையும் இணைக்கிற ஒரே குறுக்குச் சட்டம். இரண்டு வீலும் சேர்ந்து ஏறி இறங்கும்போது கேம்பர் பெரிதாக மாறாது, இறக்குவதற்கு முன் இருந்ததேதான் பின்னும் இருக்கும். அதனால் முன்னால் ஃபிளஷ்ஷாக வருகிற ஆஃப்செட் பின்னால் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பின்னால் தனியாக அளந்து, தேவைப்பட்டால் பின்னுக்கு மட்டும் ஸ்பேசர் போடுவதுதான் வழக்கம்.

கேம்பர் எவ்வளவு விளையாடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 16 இன்ச் ரிம்மில் ஒன்றரை டிகிரி சாய்வு என்றால் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் பத்து மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். மேலே நூலோடு சமமாக நிற்கிற வீல் கீழே பத்து மி.மீ. வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நிறைய பேர் நின்றபடி வீலின் நடுவைப் பார்த்து "இன்னும் இடம் இருக்கிறதே" என்றோ "வெளியே வந்துவிட்டதே" என்றோ முடிவெடுக்கிறார்கள். கண்ணை நம்பாதீர்கள், நூலை நம்புங்கள்.

இனி ஸ்பேசர். ஸ்பேசர் கெட்டது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் 20 மி.மீ. ஸ்பேசர் போட்டுத்தான் சரியாக வரும் என்றால், நீங்கள் தப்பான ஆஃப்செட்டில் அலாய் வாங்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். வீலை முடிந்தவரை சரியான ஈ.டி.யில் வாங்கி, கடைசி மூன்று, ஐந்து மி.மீ.யை ஸ்பேசரில் சரிசெய்ய வேண்டும்.

போலோவின் சென்டர் போர் (வீலின் நடு ஓட்டை) 57.1 மி.மீ., பி.சி.டி. 5x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட். வீல் அந்த 57.1 வளையத்தில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் நடு பிசகாமல் நிற்கும். வெளியே வாங்குகிற அலாய்களின் ஓட்டை பெரும்பாலும் 73.1 மாதிரி பெரிதாக இருக்கும், நடுவில் ஹப் ரிங் போட வேண்டும். இங்கேதான் சிக்கல். ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற விளிம்பில் பெரும்பகுதியை ஸ்பேசரே எடுத்துக்கொண்டால் ரிங்குக்குப் பிடிக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த விளிம்பின் உயரத்தை முதலில் அளந்துவிட்டு ஸ்பேசர் வாங்குங்கள். மெல்லிசான ஸ்பேசர் என்றால் பிரச்சினை இல்லை. தடிமன் கூடினால் தனக்கென்று விளிம்பு உள்ள ஹப்சென்ட்ரிக் ஸ்பேசர்தான் வாங்க வேண்டும். அப்புறம், 5x112 அலாய் மலிவாகக் கிடைக்கிறது, எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

போல்ட் விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஃபோக்ஸ்வேகனில் ஸ்டடும் நட்டும் கிடையாது, எம்14x1.5 போல்ட், அதாவது 14 மி.மீ. தடிமன், சுற்றுக்கு 1.5 மி.மீ. மரை. 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 5 மி.மீ. நீளமான போல்ட் வேண்டும். நான் பார்க்கிற அளவு இதுதான்: 14 மி.மீ. போல்ட் என்றால் ஹப்புக்குள் அதே 14 மி.மீ. மரை ஏற வேண்டும், அதாவது ஒன்பது சுற்றுக்குக் குறையாமல். வீலை மாட்டி, போல்ட்டை விரலாலேயே சுற்றி எண்ணிப் பாருங்கள். நீளம் கூடிவிட்டாலும் ஆபத்து, பின்பக்கம் டிரம் பிரேக், போல்ட் நுனி உள்ளே நீட்டிக்கொண்டு போய் ஷூ பக்கம் தட்டலாம். இறுக்கிய பிறகு வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே வீலைக் கையால் முழுசாகச் சுற்றி, காதைக் கொடுத்துக் கேளுங்கள். இன்னொன்று, கம்பெனி போல்ட்டின் தலை உருண்டையாக உட்காரும் வகை, வெளி அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டை போல்ட்டைக் கூம்பு ஓட்டையில் போட்டால் இறுகின மாதிரி இருக்கும், ஆனால் தொடுவது ஒரு மெல்லிய கோடு மட்டும். ஓடஓடத் தளர்ந்துவிடும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டதா, உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, லைனரின் (ஃபெண்டருக்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறை) மேல்பகுதியிலும் ஃபெண்டரின் உள்விளிம்பிலும் ஒட்டிவிடுங்கள். லைனரை ஃபெண்டரோடு பிடிக்கிற ஸ்குரூவின் தலைப் பக்கம் கட்டாயம் ஒன்று வையுங்கள், டயர் முதலில் தொடுகிற இடங்களில் அதுவும் ஒன்று. அப்புறம் ஆட்களை ஏற்றி ஒரு ரவுண்டு போங்கள். காலி வண்டியில் அவினாசி ரோட்டில் நேராகப் போய்வந்துவிட்டு "உரசல் இல்லை" என்று சொல்லக் கூடாது. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பெட்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் கொண்டை ஊசி வளைவுகள், அங்கே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தபடி ஒரு பக்கம் அமுங்கும்போதுதான் உண்மை தெரியும். வந்து பார்த்தால் களிமண் எங்கே நசுங்கியிருக்கிறது, எவ்வளவு மீதி தடிமன் என்பது அப்படியே பதிந்திருக்கும்.

லேசாகத்தான் தொடுகிறது என்றால் ஃபெண்டரின் உள்மடிப்பை உருட்டி மேலே படுக்க வைக்கலாம். ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கிக்கொண்டே மெதுவாகச் செய்கிற ஆளிடம் மட்டும் கொடுங்கள். குளிர்ந்த பெயின்ட் மடிப்பில் வெடிக்கும், வெடித்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். நிறைய தொடுகிறது என்றால் தகரத்தை வெட்டாதீர்கள், ஸ்பேசரைக் கழற்றுங்கள்.

ஓட்டும் தன்மையும் மாறும். ஸ்டீயரிங் எந்த அச்சில் திரும்புகிறதோ அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். 1972இல் ஆடி 80 வந்ததிலிருந்து அந்தக் குழுமத்து வண்டிகளில் இதை நெகட்டிவாக வைப்பது வழக்கமாயிற்று. ஒரு பக்க வீல் மட்டும் பிடி இழந்தாலும் பிரேக்கில் வண்டி இழுக்காமல் நேராக நிற்பதற்காகத்தான். நீங்கள் முன்வீலை வெளியே தள்ளத்தள்ள அந்த நல்ல குணம் குறைந்துகொண்டே போகும். லாரிகள் பதித்த தடத்தில் ஸ்டீயரிங் கையை இழுக்கும், டி.எஸ்.ஐ. டர்போ இன்ஜின் மாதிரி வேகமாக இழுக்கிற வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தாலே ஸ்டீயரிங் துடிக்கும். வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும். ஐந்தாறு மி.மீ.யில் இது பெரிதாகத் தெரியாது, இருபதில் நன்றாகத் தெரியும். முன்னால் ஸ்பேசரே வேண்டாம், வீலின் ஈ.டி.யிலேயே முடித்துக்கொள்ளுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டயர் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் நிறுத்திக் கேட்பவர்களிடம் பேச நமக்கு வாய் இருக்காது. ஃபெண்டருக்குள் நிற்கிற வீல் அந்த வகையிலும் நிம்மதி.

கடைசியாக, போல்ட்டை இறுக்குகிற முறுக்கு விசை. போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச்சில்தான், ஏர் கன்னில் அல்ல. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் ஆறின பிறகு மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். அலுமினிய ஸ்பேசரும் இரும்பு ஹப்பும் நம் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டுவிடும், டயர் ரொட்டேஷனுக்குக் கழற்றும்போதெல்லாம் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்துவிடுங்கள். நடு விளிம்பில் மட்டும் துளி காப்பர் கிரீஸ். ஸ்பேசர் உட்காரும் முகத்திலும் போல்ட் மரையிலும் கிரீஸ் படக் கூடாது, பட்டுவிட்டால் சுத்தமாகத் துடைத்த பிறகே வீலை ஏற்றுங்கள்.