கீறிட்ட இடமும் நாலு விடையும்

இலங்கையின் வடக்கே வன்னியில் போர் இடப்பெயர்வுக் காலத்து மரத்தடி வகுப்புகளில் கரும்பலகைதான் ஆங்கில வினாத்தாள். கடதாசிக்குத் தட்டுப்பாடு. ஒரு கேள்விக்கு நாலு விடை எழுதிப்போடப் பலகையில் இடமும் காணாது. அதனால் எங்கள் தலைமுறைக்கு ஆங்கிலச் சோதனை என்றால் ‘கீறிட்ட இடத்தை நிரப்புக’, ‘பொருத்துக’ இரண்டும்தான். பதினோராம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் பந்தியை வாசித்து விடை எழுதவும், 100 சொல்லில் கடிதம் எழுதவும் கேட்டபோது கை நின்றது. ‘ஆங்கிலம் வராத பிள்ளைகள்’ என்ற பெயர்தான் மிஞ்சியது. அந்தக் கேள்வி வகையில் பயிற்சியே இருக்கவில்லை என்பதை யாரும் பார்க்கவில்லை.

புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து எங்கள் சங்கம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சித்தாள் அச்சடிக்கும்போது இதை மனதில் வைக்கவேண்டும்.

பொருத்துகவில் ஐந்துக்கு ஐந்து கொடுத்தால், நாலு தெரிந்த பிள்ளைக்கு ஐந்தாவது சும்மா கிடைக்கும். ஒன்றை மாறிப்போட்டால் இன்னொன்றும் சேர்ந்து பிழையாகும். வலப்பக்கம் ஏழு போடுங்கள். நாலு விடையுள்ள 20 பல்தேர்வு வினாக்களில் கண்ணை மூடிக் கீறினாலும் சராசரியாக 5 சரிவரும். சரி/பிழை வினாக்கள் என்றால் 10.

கூடக் கவனம் வேண்டியது கீறிட்ட இடத்துக்கு. பெட்டியில், மேசையில், சந்தியில் என்று தமிழுக்கு ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் அது இன், ஒன், அற் என்று பிரியும். பத்து இடைவெளியையும் இவற்றுக்கே விட்டால் ஒரே பலவீனத்துக்குப் பத்துப் புள்ளியும் போய்விடும். வினைக்கு நாலு, பெயருக்கு மூன்று, இவற்றுக்கு மூன்று என்று பங்கிடுங்கள். முதல் வசனத்தில் கைவைக்க வேண்டாம். எதைப் பற்றிய பந்தி என்று பிடிபட அது முழுதாக இருக்கவேண்டும். பெட்டிக்குள் சொற்களைக் கொடுத்தால் பிள்ளை பார்த்து அடையாளம் காணும். வெறும் கோட்டில் தானே நினைத்தெடுக்க வேண்டும். முன்னதில் கெட்டிக்காரப் பிள்ளை பின்னதில் தடுமாறலாம். பெட்டியோடு தொடங்கி, பிறகு முதலெழுத்தை மட்டும் கொடுத்து, கடைசியில் வெறும் கோட்டுக்கு வாருங்கள்.

பந்தியின் சொற்களையே கேள்வியிலும் போட்டால், பிள்ளை அந்த வசனத்தைத் தேடி அப்படியே பார்த்தெழுதும். ‘இருட்டிய பின் யானைகள் வயலுக்குள் இறங்கின’ என்ற பந்திக்கு, ‘பகலில் வந்தனவா, இரவிலா?’ என்று கேளுங்கள். விளங்கியதா என்று அப்போது தெரியும். பனிமழை, சுரங்க ரயில் பந்திகளை இங்கிருந்து தயவுசெய்து அனுப்பாதீர்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையும் காணாத பொருளில் தடுமாறும். குளக்கட்டும் சூடடிப்பும் போதும்.

‘பொருந்தாதது எது’ என்று கேட்டால் அந்த மறுப்புச் சொல்லின் கீழ் கோடிடுங்கள். தரம் 6, 7க்கு அறிவுறுத்தலைத் தமிழிலும் அடித்து, ஒவ்வொரு வகைக்கும் செய்துகாட்டிய உதாரணம் ஒன்றை மேலே போடுங்கள்.