மைக்க கையில வாங்கினா நாக்கு ஒட்டிக்கிறவங்களுக்கு

2007-ல வேளாண்மைத் துறையில வேலைக்குச் சேர்ந்து மூணாவது மாசம், வெட்டாத்துக் கரையோரம் ஒரு கிராமத்துல மாரியம்மன் கோயில் வாசல்ல விவசாயிகள் கூட்டம். திருந்திய நெல் சாகுபடி பத்தி நான் பேசணும். ஆறு பக்கம் எழுதி ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணியிருந்தேன், ஆனா மைக்க கையில வாங்கினதும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு, தாள் நடுங்குற சத்தம் மைக்குல கேக்குது. "பதினான்கு நாள் வயதுடைய நாற்றுகளை 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்துக்கு ஒரு நாற்று வீதம்"னு அப்படியே புத்தகத் தமிழ்ல படிச்சேன். முன்னாடி உக்காந்திருந்த ஒரு பெரியவர், கோவமா எல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் கேட்டார், "ஏம்மா, நீ என்னிக்காவது சேத்துல எறங்கி நாத்து நட்டிருக்கியா?" எனக்கு பதில் தெரியும். எங்க அப்பாவுக்கு ரெண்டு மா நிலம் இருந்துச்சு, பள்ளிக்கூட லீவுல நான் நட்டிருக்கேன். அத சொல்ல வாய் வரல. மீதி நாலு பக்கத்த மடிச்சு பைக்குள்ள வச்சிட்டு உக்காந்துட்டேன்.

அப்புறம் ரொம்ப நாள் கூட்டம்னாலே வயித்தக் கலக்கும். எங்க பக்கம் மேடைப் பேச்சுக்குப் பேர் போன மண்ணு வேற. 1869-ல வலங்கைமான்ல பொறந்த சீனிவாச சாஸ்திரி இங்கிலீஷ்ல பேசியே வெளிநாடு வரைக்கும் பேர் வாங்கினவரு, 1924-ல திருக்குவளையில பொறந்த கலைஞர் பேச்ச கேக்கறதுக்காக விடிய விடிய காத்துக் கிடந்தவங்க எங்க தெருவுலயே உண்டு, கோயில் திருவிழான்னா கதாகாலட்சேபம், பட்டிமன்றம்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். இதையெல்லாம் கேட்டு வளந்ததால பேச்சுன்னா அப்படி அடுக்கடுக்கா வந்து கொட்டணும்னு நெனச்சுட்டேன், எனக்கு அது வரலன்னதும் இது நமக்கு ஆகாதுன்னு முடிவும் பண்ணிட்டேன்.

விதை, உரம் குடுக்குற எங்க வேளாண்மை டிப்போவுல ஒரு சீனியர் சார் இருந்தாரு, ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருந்துச்சு அவருக்கு. என்ன ஒரு நாள் கூப்பிட்டு, "அடுத்த கூட்டத்துக்கு தாள் எடுத்துட்டு வராதம்மா, ஒரு கோழி முட்டையும் ரெண்டு கிலோ உப்பும் வாங்கிட்டு வா, மீதிய நான் பாத்துக்கறேன்"னாரு. அவர் பாத்துக்கறேன்னு சொன்னத நம்பித்தான் போனேன், அங்க போனா அவர் பின்னாடி வரிசையில போய் உக்காந்துக்கிட்டாரு.

உப்புக் கரைசல்ல விதை நெல்லு பிரிக்கிறது தான் விஷயம். பத்து லிட்டர் தண்ணியில புது முட்டைய போட்டா அடியில படுத்துக்கும், உப்ப போட்டுக் கலக்கக் கலக்க மெல்ல எழும்பி மேல வரும், நாலணா காசு அளவுக்கு ஓடு வெளிய தெரிஞ்சா பதம் வந்துடுச்சுன்னு அர்த்தம், கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ உப்பு புடிக்கும். அதுல விதைய கொட்டினா பதரும் அரைகுறை நெல்லும் மெதக்கும், அத அரிச்சு எடுத்துட்டு அடியில தங்கினத நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவ அலசணும், அலசாம விட்டா உப்பு முளைப்ப கெடுத்துடும்.

அன்னிக்கு என் கை உப்பக் கலக்குது, என் கண்ணு முட்டைய பாக்குது, உக்காந்திருக்க அத்தன பேர் கண்ணும் முட்டை மேலதான் இருக்கு. "என்னம்மா இன்னும் எழும்பல?"ன்னு ஒருத்தர் கேக்குறாரு, "இன்னும் ரெண்டு கை போடணுங்க, நேத்து போட்ட முட்டை, கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்"ங்கறேன், இன்னொருத்தர் எந்திரிச்சு கிட்டயே வந்துட்டாரு. கால் மணி நேரம் கழிச்சுதான் உறைச்சுது, நான் இவ்வளவு நேரமா பேசிட்டிருக்கேன்!

ஏன் அப்படி ஆச்சுன்னு அப்புறம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். பயம் வந்தா உடம்புல அட்ரினலின் சுரக்குது, நெஞ்சு அடிச்சுக்குது, வாய் காயுது, கையும் காலும் ஓடுறதுக்குத் தயாராகுது. ஓடத் தயாரான உடம்ப ஒரே எடத்துல அசையாம நிக்க வச்சா நடுங்கத்தான் செய்யும். கைக்கு ஒரு வேலைய குடுத்துட்டா அந்த வேகம் அதுல போயிடுது. அது இல்லாத நேரத்துல, மேடை ஏறுறதுக்கு முன்னாடி மூச்ச இழுக்கறத விட விடுறத நீளமா விடணும், நாலு அஞ்சு தடவ விட்டாலே படபடப்பு எறங்கும். நான் இன்னிக்கும் அதத்தான் பண்றேன்.

இன்னொண்ணும் அந்த சார்ட்டதான் கத்துக்கிட்டேன். 22.5 சென்டிமீட்டர்னு சொன்னா வயல்ல யாரு ஸ்கேல் வச்சிட்டு நிப்பா, ஒரு சாண் சொல்லும்மான்னாரு. ஒரு சாண்னா ஒம்போது அங்குலம், ஏறக்கொறைய அதே அளவுதான். அப்புறம் நடவாளுங்க கிட்ட கைய விரிச்சுக் காட்டினேன், ஒரே தடவையில புரிஞ்சுடுச்சு. இத நான் பெரிய பாடமா நெனக்கிறேன், ஏன்னா அதுவரைக்கும் என் பேச்ச யாரும் கவனிக்கலன்னு வருத்தப்பட்டுட்டு இருந்தேன், அவங்களுக்குப் புரியுற அளவுகோல்ல நான் பேசவே இல்லங்கறத யோசிக்கல.

குழாய் ஸ்பீக்கர் பத்தியும் சொல்லணும், நம்ம ஊர்ல பேசுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒண்ண கோயில் கிட்டயும் இன்னொண்ண நூறு மீட்டர் தள்ளி அடுத்த தெரு போஸ்ட்லயும் கட்டியிருப்பாங்க, அங்கேருந்து நம்ம குரல் கால் செகண்டுக்கு மேல தாமதமா திரும்பி வரும், புதுசா பேசுறவங்க அத கேட்டு தடுமாறிப் போயிடுவாங்க. சின்னச் சின்ன வாக்கியமா பேசிட்டு, எதிரொலி அடங்கினதும் அடுத்தது ஆரம்பிக்கணும். மைக்க வாய்ல இருந்து நாலு விரக்கடை தள்ளி, கொஞ்சம் சாச்சுப் புடிச்சா "ப" வர்ற எடத்துல காத்து அடிக்காது.

2015-க்கு அப்புறம் மகளிர் குழுக்காரங்களுக்கு பேசப் பழக்குற வேலையும் எனக்கு வந்துச்சு, வேலைன்னு சொல்றத விட நானா கேட்டு வாங்கினதுன்னு சொல்லலாம். அதுல ஒரு அக்கா, நாப்பது வருஷமா நடவு வேலை. நடவு முடிஞ்சு அவங்க குலவை போட்டா மூணு வயல் தாண்டி கேக்கும். அப்பேர்ப்பட்ட தொண்டை, கிராம சபையில மைக்க குடுத்தா பேரு கூட வெளிய வராது. தைரியம் இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கு அப்படித் தோணல. அவங்க குரல் வயலுக்குப் பழகின குரல், அந்த நாற்காலி, மேசை, ரெஜிஸ்டரு அவங்களுக்குப் பழகல, அவ்வளவுதான். அதனால பயிற்சிய வரப்புலயே வச்சேன். வரிசை நாலுதான்: பேரச் சொல்லு, தெருவச் சொல்லு, என்ன நடந்துச்சுன்னு சொல்லு, என்ன வேணும்னு சொல்லு. மைக்குக்கு பதிலா ஒரு சொம்பு. முதல்ல பக்கத்து வரப்புல நிக்கிற ஒருத்திக்கு, அப்புறம் அஞ்சு பேருக்கு, அப்புறம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல ஆள் இல்லாத சாயங்கால நேரத்துல.

மே 1 கிராம சபையில அவங்க எந்திரிச்சாங்க. கை நடுங்குச்சு, நான் பாத்தேன். "எங்க தெரு கடைசி வாய்க்கால்ல வெங்காயத்தாமரை மண்டிக் கெடக்கு. ஜூன் 12 மேட்டூர் தொறந்தாலும் எங்க கடைமடைக்கு தண்ணி ஏறாது. அதுக்குள்ள தூர்வாரித் தரணும், தீர்மானத்துல எழுதுங்க." அவ்வளவுதான், நிமிஷம் கூட ஆகல. எழுதுறவர் பேனாவ எடுத்து, "இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னாரு. ரெண்டாவது தடவ சொல்லும்போது அவங்க மைக்க கீழ வச்சிட்டாங்க, குலவை போடுற குரல்லயே சொன்னாங்க. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

இப்ப என்கிட்ட பழகுற புதுப் பசங்க நாலு பேர்ல ஒரு தம்பி இன்னும் வாயே தொறக்கல, நாலு வரிசைய மனப்பாடமா ஒப்பிக்கிறான், கூட்டத்துல நின்னா தரையப் பாக்குறான். அவனுக்கு கோனோவீடர, அதான் நெல் வயல்ல தள்ளிக்கிட்டே களை எடுக்குற கருவிய, கழட்டி மாட்ட நல்லா வரும். வர்ற செவ்வாக்கிழமை கூட்டத்துல அத பிரிச்சுப் போட்டு மாட்டிக் காட்டச் சொல்லியிருக்கேன், பேசணும்னு ஒண்ணும் சொல்லல.